மின்சாரத் தீக்காயத்துக்குப் பின் கண்களைக் கவனித்துக்கொள்ளும் முறை

மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்தபோது கரண்ட் அடித்து விழுந்த ஒருவர், கழுத்திலும் கையிலும் தோல் ஒட்டுச் சிகிச்சை முடிந்து, ஒன்றரை மாதம் கழித்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். புண் ஆறுகிறது, விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்குகின்றன, வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். நான்காவது மாதத்தில் அவர், இரவில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகவும், எதிரில் வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் சிதறுவதாகவும் சொல்கிறார். அத்தனை நாள் படுக்கையில் கிடந்த உடம்பு, சத்துக் குறைந்திருக்கும் என்று முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் சமைத்துப் போடுகிறார்கள். கீரை நல்லதுதான், ஆனால் அவருக்கு வந்திருப்பது மின்சாரத்தால் உண்டான கண்புரை. அதைக் கீரையால் கரைக்க முடியாது.

மின்சாரத் தீக்காயத்தில் தோலும் தசையும் இதயமும் சிறுநீரகமும் முதல் நாளிலிருந்தே மருத்துவர்களின் கவனத்தில் இருக்கின்றன. கண்ணின் பாதிப்பு பல நேரங்களில் பிந்தி வருவதாலும், வரும்போது வலியில்லாமல் வருவதாலும், யார் பொறுப்பிலும் இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே அதை நினைவில் வைத்திருக்கும் வேலையை வீட்டாரில் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவருக்காக எழுதப்பட்டது இது.

யார் கட்டாயம் கண்ணைக் காட்ட வேண்டும்

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். சுவிட்ச் போர்டில் விரல் பட்டு, ஒரு நொடி சுரீரென்று உதறி, தோலில் எந்தத் தழும்பும் இல்லாமல் போன ஷாக்குக்காகக் கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. பார்வையில் மாற்றம் தெரிந்தால் மட்டும் காட்டினால் போதும். மருத்துவத்தில் 1,000 வோல்ட்டும் அதற்கு மேற்பட்டதும் உயர் மின்னழுத்தம் எனப்படும். தெருவில் எச்.டி. லைன் என்று நாம் சொல்லும் கம்பிகளில் பெரும்பாலும் 11,000 வோல்ட்டும், மின்சார ரயில் பாதையின் மேல்கம்பியில் 25,000 வோல்ட்டும் ஓடுகின்றன. ரயில் பெட்டியின் கூரைமேல் ஏறும் இளைஞர்கள் அந்த மேல்கம்பியைத் தொடாமலேயே அடிபடுவது இதனால்தான். அவ்வளவு அழுத்தத்தில் மின்சாரம் காற்று இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்துவிடும்.

உயர் மின்னழுத்தத்தால் காயம்பட்ட எல்லோரும் கண்ணைக் காட்ட வேண்டும். மின்சாரம் தலை, முகம், கழுத்து, தோள், மார்பு ஆகியவற்றின் வழியாக நுழைந்தோ வெளியேறியோ இருந்தால், அது வீட்டு மின்சாரமாகவே இருந்தாலும் காட்ட வேண்டும். இரும்புத் துரட்டியால் மாங்காய் பறிக்கும்போது, பெயிண்ட் அடிக்க இரும்பு ஏணியைத் தூக்கி நிறுத்தும்போது, மாடியில் நின்று கம்பியை நிமிர்த்தும்போது நடக்கும் விபத்துகளில் கையும் மேலுடம்புமே பெரும்பாலும் மின்சாரத்தின் பாதையாகின்றன. மின்னல் தாக்கியவர்கள், மயங்கி விழுந்தவர்கள், பானல் போர்டு வெடித்து முகத்தில் தீச்சுடர் அடித்தவர்கள், சார்ஜர் வயரை வாயில் வைத்துக் கடித்த குழந்தைகள் ஆகியோரும் இதில் அடக்கம். மின்சாரம் கைவழி நுழைந்து கால்வழி போனவர்களுக்கும் அபூர்வமாகக் கண்புரை வந்ததுண்டு; ஆகவே காயம் பெரிதாக இருந்தால், பாதை எதுவாயினும் ஒரு முறை காட்டிவிடுவதே நல்லது.

விபத்து நடந்த இடத்தில்

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால், வீட்டு மின்சாரமானால் காய்ந்த மரக்கட்டையால் ஆளை விலக்கலாம். எச்.டி. லைனாக இருந்தால் எந்தக் கட்டையோடும் அருகில் போகக் கூடாது. தள்ளி நின்று, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்கும் 108-க்கும் அழைத்து, லைனை நிறுத்தியதை உறுதி செய்துகொண்ட பிறகே நெருங்க வேண்டும். மூச்சும் அசைவும் இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும்.

இங்கே கண் சம்பந்தமாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணின் பாப்பா (கருவிழியின் நடுவே கருப்பாகத் தெரியும் துளை) விரிந்து சுருங்காமல் இருப்பதால் உயிர் போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. மின்னலும் மின்சாரமும் பாப்பாவைச் சுருக்கி விரிக்கும் நரம்புகளைத் தற்காலிகமாக முடக்கிவிடக்கூடும். ஆகவே மின் விபத்தில் விரிந்த பாப்பாவை மரணத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு மார்பு அழுத்துவதை நிறுத்திவிடக் கூடாது.

முகத்தில் காயம் இருந்தால் சுத்தமான குழாய் நீரை 20 நிமிடம் மெல்ல ஓடவிட்டுக் குளிர்விக்கலாம். ஐஸ் வைக்கக் கூடாது. பேனா மை, டூத்பேஸ்ட், மஞ்சள், முட்டை எதையும் இமைமேல் பூசக் கூடாது. பூசியதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் மருத்துவரால் காயத்தின் ஆழத்தையே பார்க்க முடியும். கண்ணுக்குள் தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்து ஆகியவற்றை விடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால், எளிதாக வருமானால் எடுத்துவிடலாம். இன்வெர்ட்டர் பேட்டரி வெடித்து ஆசிட் தெறித்திருந்தால் மட்டும் கதை வேறு: அந்த இடத்திலேயே, மற்ற எதற்கும் காத்திராமல், இமைகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு குறைந்தது 15 முதல் 30 நிமிடம் தண்ணீரால் கழுவ வேண்டும்.

முகம் வீங்குவதற்கு முன் கிடைக்கும் சில மணி நேரம்

முகத்தில் தீக்காயம் பட்டவர்களுக்குச் சில மணி நேரத்தில் இமைகள் பூரிபோல் உப்பி, கண் திறக்க முடியாமல் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு பல நாள் கண்ணைச் சரியாகச் சோதிக்க இயலாது. கருவிழியில் உலோகத் துகள் ஒட்டியிருந்தாலும், கரி படிந்திருந்தாலும், அது வீங்கிய இமைக்குள் மறைந்தே கிடக்கும். எனவே அவசரப் பிரிவில் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தவுடன், “கண் டாக்டர் ஒரு முறை பார்த்துவிட முடியுமா?” என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. பரபரப்பில் அது விடுபட்டுப் போவதுதான் வழக்கம். நோயாளி பேசும் நிலையில் இருந்தால், கண்களை ஒவ்வொன்றாக மூடச் சொல்லி, விரல்களை எண்ண வைத்து, அந்த விடையைக் கேஸ் ஷீட்டில் எழுதும்படியும் கேட்கலாம். பின்னாளில் பார்வை குறைந்தால், எந்த அளவிலிருந்து குறைந்தது என்று சொல்ல அந்த ஒற்றை வரிதான் உதவும்.

உடம்பில் பெரும்பகுதி வெந்தவர்களுக்கு முதல் நாளில் லிட்டர் லிட்டராக நரம்புவழித் திரவம் ஏற்றுவார்கள். அது உயிர் காக்கும் சிகிச்சை. ஆனால் அந்தத் திரவத்தில் ஒரு பகுதி கண்குழிக்குள்ளும் தேங்கி, கண்ணழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பை நசுக்கிவிடலாம். இமை கல்போல் இறுகி, கண் முன்னே பிதுங்கித் தெரிந்தால் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். இமையின் வெளி ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைப்பார்கள். இதில் மணிக்கணக்குதான், நாள் கணக்கு இல்லை.

இமை மூடுகிறதா என்று பாருங்கள்

வெந்த இமைத்தோல் ஆறும்போது சுருங்கும். முதல் வாரத்தில் நன்றாக மூடிய கண், மூன்றாவது வாரத்தில் ஒரு கீற்றளவு திறந்தபடியே இருக்கலாம். நோயாளி விழித்திருக்கும்போது கண்ணை மூடச் சொன்னால் முயன்று இறுக்கி மூடிவிடுவார், குறை தெரியாது. ஆகவே அவர் தூங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து அந்த மங்கிய ஒளியில் இமையிடுக்கைப் பாருங்கள். இரண்டு இமைகளுக்கும் நடுவே வெள்ளை விழியின் கீற்றுத் தெரிந்தால், கருவிழியின் கீழ்ப்பாகம் இரவெல்லாம் காற்றில் காய்கிறது என்று பொருள். காய்ந்த கருவிழியில் புண் வரும், புண்ணில் கிருமி சேரும், ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். இது தடுக்கக்கூடிய இழப்பு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பகலில் கண்ணீர் போன்ற சொட்டு மருந்தும், இரவில் களிம்பும், தேவைப்பட்டால் ஈரம் காக்கும் மறைப்பும் மருத்துவர் எழுதித் தருவார். களிம்பை இமைக்கு வெளியே தடவுவதால் பயனில்லை. கீழ் இமையை மெல்ல இழுத்து, உள்ளே அரிசி மணி அளவுக்கு வைக்க வேண்டும். வென்டிலேட்டரில் மயக்க நிலையில் இருப்பவருக்கு இதைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும். சுருக்கம் அதிகமானால் இமைக்குத் தனியாகத் தோல் ஒட்டு தேவைப்படும். “முகத் தழும்பெல்லாம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம்” என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆர்க் வெளிச்சம் பட்ட கண்

கம்பிகள் உரசித் தீப்பொறி பறந்தபோது அருகில் நின்றவருக்கு, தோலில் காயமே இல்லாமல், 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல் உறுத்தலும் நீர் வடிதலும் தொடங்கும். வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆர்க்கில், அதாவது மின்சாரம் காற்றில் பாயும்போது எழும் கூசும் வெளிச்சத்தில், உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்தோலை எரித்ததால் வருவது இது. பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் ஆறிவிடும். மருத்துவர் தரும் சொட்டு மருந்தும், இருட்டறையும், வலி மாத்திரையும் போதும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மட்டும் யாரிடமாவது வாங்கி வீட்டில் விடக் கூடாது. வலி போன நிம்மதியில் அதைத் திரும்பத் திரும்ப விட்டுக் கருவிழியே கரைந்துபோக வழி உண்டு.

கண்புரை: பிந்தி வருவதன் காரணம்

மின்னல் தாக்கியவருக்குக் கண்புரை வந்ததை 1722இல் சான்-ஈவ் என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் எழுதிவைத்தார். அதாவது, மனிதர்கள் மின்சாரத்தைக் கம்பியில் ஓட விடுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த நோய் தெரிந்திருந்தது.

கண்ணுக்குள் பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் மங்குவதுதான் கண்புரை. அந்த லென்ஸுக்கு ரத்தக்குழாய் கிடையாது. உள்ளே உண்டான சூட்டை எடுத்துச் செல்லவோ, சேதத்தைச் சீர்செய்யவோ அங்கே ரத்தம் வருவதில்லை. அதன் முன்பக்கத்தில் ஒற்றை வரிசையாக இருக்கும் உயிரணுக்கள் மின்சாரத்தால் அடிபடும்போது, உறையின் வழியாக நீர் கசியத் தொடங்கும். கசிந்த நீர் நுண்ணிய குமிழ்களாகத் தேங்கும். குமிழ்கள் வாரக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து, மீன் செதில் போன்ற வெண்திட்டுகளாக மாறும். சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பதுபோல் லென்ஸின் புரதமும் வெளுக்கிறது. இதனால்தான் சிலருக்கு உடனேயும், பெரும்பாலானோருக்குச் சில மாதங்களிலும், சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்தும் பார்வை மங்குகிறது. மின்சாரம் பட்ட பக்கத்துக் கண்ணில் முதலிலும் கூடுதலாகவும் வருவது வழக்கம். இரண்டு கண்ணிலும் வருவதும் உண்டு.

அந்தக் குமிழ்கள் முதலில் தோன்றுவது லென்ஸின் நடுவில் அல்ல, சற்று விலகி, பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத்திரை மறைக்கும் பகுதியில். பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விடாமல் பார்த்தால், அனுபவமுள்ள மருத்துவருக்கும் அவை தப்பிவிடக்கூடும். ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது, “எனக்கு இன்ன மாதம் கரண்ட் அடித்தது, பாப்பாவை விரித்துப் பாருங்கள்” என்று நீங்களே சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வருவது இந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது. சொட்டு மருந்து விட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசுவதாகவும் இருக்குமாதலால், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப நினைக்காதீர்கள்.

பரிசோதனை நாட்களை டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே வீட்டு நாள்காட்டியில் குறித்துவிடுவது நல்லது. வார்டில் இருக்கும்போது ஒரு முறை, அதன் பின் விபத்து நடந்த நாளிலிருந்து 1, 3, 6, 12 ஆவது மாதங்களில் ஒவ்வொரு முறை, பிறகு சில ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் பெரிதாக எதுவும் தப்பாது. உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு முறையும் லென்ஸோடு கண்ணழுத்தம், விழித்திரை, பார்வை நரம்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். அதனால் வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணையும் உள்ளங்கையால் மூடி (விரல்களால் மூடினால் இடுக்கு வழியே தெரியும்) சுவரில் மாட்டிய நாள்காட்டியைப் பாருங்கள். தேதி எண் தெரிகிறதா, அதன் கீழே உள்ள நல்ல நேரம், ராகு காலம் வரிகள் தெரிகின்றனவா என்று பார்த்து, போன வாரம் படித்த வரியை இந்த வாரமும் படிக்க முடிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குழந்தைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, படிக்கும் கண்ணாடி உண்டென்றால் அதைப் போட்டுக்கொண்டு, ஓரடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் புள்ளியை மட்டும் உற்றுப் பாருங்கள்; பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். சுற்றியுள்ள கோடுகள் நெளிந்தாலோ, ஒரு கட்டம் காணாமல் போனாலோ விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு இருக்கலாம். மின்னலும் உயர் மின்னழுத்தமும் அந்த இடத்தில் வீக்கத்தையும் ஓட்டையையும்கூட உண்டாக்குவதுண்டு. கடைசியாக, தண்ணீர் பாட்டிலின் சிவப்பு மூடி ஒன்றை வைத்து இரு கண்ணாலும் மாறி மாறிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு அதே சிவப்பு வெளுத்துப்போன செங்கல் நிறமாகத் தெரிந்தால் பார்வை நரம்பைச் சோதிக்க வேண்டும். இந்த மூன்றும் ஐந்து நிமிட வேலை; இவை மருத்துவரின் பரிசோதனைக்கு மாற்று அல்ல, அடுத்த முறைக்குக் காத்திருக்கலாமா, முன்பே போக வேண்டுமா என்று தீர்மானிக்க மட்டுமே.

திடீரென்று ஒரு கண் இருண்டுபோனால், வலி இல்லாவிட்டாலும், அந்த மணி நேரத்திலேயே கிளம்ப வேண்டும். விழித்திரையின் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். மின்னல் வெட்டுவதுபோல் ஒளிக்கீற்று, கருந்துகள் மழை, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோன்ற நிழல் ஆகியவை விழித்திரை பிரிவதன் அடையாளங்கள். அன்றைக்கே காட்ட வேண்டும். கண் சிவந்து வலித்து வெளிச்சம் தாங்க முடியாமல் போனால் உட்கண் அழற்சியாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருவார்கள். அதே மருந்தை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் கடையில் வாங்கித் தொடர்ந்தால் கண்ணழுத்தம் கூடுவதும், வேறொரு வகைக் கண்புரையும் அதனாலேயே வரலாம். இமை தொங்குவதும், ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதும் நரம்புப் பாதிப்பைக் காட்டலாம்.

அறுவை சிகிச்சை என்று சொன்னால்

கண்புரை என்று கேட்டதும் பயப்பட வேண்டாம். மின் விபத்தின் கண் பாதிப்புகளில் பெரும்பாலும் நன்றாகத் திருத்தக்கூடியது இது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். ஆனால் விழித்திரையும் பார்வை நரம்பும் நன்றாக இருந்தால்தான் பார்வை திரும்பும். லென்ஸ் முழுவதும் வெளுத்து உள்ளே பார்க்க முடியாமல் போயிருந்தால், கண்ணுக்கு ஸ்கேன் எடுத்து விழித்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். “எனக்கு எவ்வளவு பார்வை திரும்பும் என்று எதிர்பார்க்கலாம்?” என்பதை அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். முகத்திலோ இமையிலோ சீழ் வைத்த புண் இருக்கும்வரை அறுவையைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பு, ஏனெனில் அந்தக் கிருமி கண்ணுக்குள் போனால் கண்ணையே இழக்க நேரிடும்.

இந்த விபத்துக்கு ஆளாகிறவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதில் உள்ள இளைஞர்கள். 25 வயதில் செயற்கை லென்ஸ் வைத்தவருக்கு, தூரம் தெளிவாகத் தெரிந்தாலும், கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி தேவைப்படும்; இயற்கை லென்ஸ்போல் அது வளைந்து கொடுக்காது. ஸ்குரு டிரைவர் பிடித்து வேலை செய்கிற வயர்மேனுக்கு இது சிறிய செய்தி அல்ல, முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியது. சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ செயற்கை லென்ஸின் பின்னால் உள்ள சவ்வு மங்கலாம். லேசர் மூலம் அதைச் சில நிமிடங்களில் சரிசெய்வார்கள்.

குழந்தைகளுக்கு மட்டும் காத்திருக்கும் பேச்சே கூடாது. 7, 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கண் மங்கலாகவே சில மாதம் இருந்தால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். பிறகு லென்ஸை மாற்றினாலும் பார்வை முழுமையாகத் திரும்பாமல் போகலாம். பிள்ளை தானாகச் சொல்லாது. ஒரு கண்ணை மூடினால் விளையாட்டாக இருந்து, மற்றக் கண்ணை மூடினால் அழுது கையைத் தட்டிவிடுகிறதா என்று பாருங்கள்.

காகிதங்கள்

வேலையிடத்தில் நடந்த விபத்தானால், இழப்பீடு கேட்பதற்குக் காலவரம்பு உண்டு. கண்புரையோ அந்த வரம்பைப் பற்றிக் கவலைப்படாமல் தன் வேகத்தில் வரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மின்சாரம் நுழைந்த இடம், வெளியேறிய இடம், தெரிந்தால் மின்னழுத்தம், அன்றைய பார்வை அளவு ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்து, இல்லையென்றால் வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதச் சொல்லுங்கள். விபத்துக்கு முன் எடுத்த கண் பரிசோதனைச் சீட்டு, பழைய கண்ணாடிச் சீட்டு, ஓட்டுநர் உரிமத்துக்காக வாங்கிய மருத்துவச் சான்று என எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். பார்வை முன்பு நன்றாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஓ.பி. சீட்டின் மை மழையிலும் வியர்வையிலும் கலைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் மருத்துவமனை வாசலைத் தாண்டுவதற்குள் அதைச் செல்போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் எண்ணுக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள்.